பிளைவுட் பலகையில் ஒரு பவளத் தொட்டி: டர்பனில் என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்னறையில் எட்டடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. முன்பக்கம் மட்டும்தான் கண்ணாடி. பின்பக்கம், இரண்டு ஓரம், அடி எல்லாம் பிளைவுட். காவடி முடிந்து சாப்பிட வரும் உறவுக்காரர்கள் முதல் மீட்டர் பார்க்க வரும் ஆள் வரை, பார்த்தவுடன் கையால் தட்டிப் பார்த்துவிட்டு ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. நான் தச்சன் இல்லை. சமையலறை அலமாரி செய்யும் என் மாமாவின் பட்டறையில் விடுமுறைகளைக் கழித்தவன், அவ்வளவுதான்.

பிளைவுட்டா? தண்ணீரில் ஊறி உப்பிவிடாதா?

ஊறினால் உப்பும். அதனால்தான் ஊற விடக்கூடாது. டர்பன் துறைமுகத்தில் நம் முன்னோர்கள் வலை இழுத்த காலத்தில் படகெல்லாம் மரம்தான்; இன்றும் மரப்படகு கட்டுகிறவர்கள் பலகைமேல் எபாக்சி என்ற இறுகும் பிசினும் ஃபைபர் கிளாஸ் (கண்ணாடி நார்) துணியும் பூசித்தான் கடலில் இறக்குகிறார்கள். படகில் கடல் வெளியே, மனிதன் உள்ளே. தொட்டியில் கடல் உள்ளே, மனிதன் வெளியே. வித்தியாசம் அவ்வளவுதான். பலகையின் வேலை பாரம் தாங்குவது மட்டும். தண்ணீரைத் தடுப்பது பூச்சின் வேலை. இந்த இரண்டையும் மனதில் குழப்பிக்கொண்டவர்களின் தொட்டிதான் கசிகிறது.

முழுக் கண்ணாடியிலேயே செய்திருக்கலாமே?

ஆயிரம் லிட்டருக்குள் என்றால் கண்ணாடித் தொட்டியையே வாங்குங்கள். பிளைவுட்டில் மெனக்கெடுவது வீண். அதற்கு மேலே போகும்போதுதான் கணக்கு மாறுகிறது. கண்ணாடி தடிமன் ஏற ஏற விலையும் எடையும் தாறுமாறாக ஏறும்; பலகைக்கு அந்தக் கதை இல்லை. ஐந்து பெரிய கண்ணாடிக்குப் பதில் ஒன்று வாங்கினால் போதும். அப்புறம், மரம் சூட்டைச் சட்டென்று வெளியே விடாது. குளிர்காலத்தில் ஹீட்டர் குறைவாக ஓடும். கோடையில் அதே குணம் நம்மைப் பாடாய்ப் படுத்தும், அதைக் கீழே சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. தொட்டியில் மிச்சம் பிடித்த காசு விளக்கிலும் ஸ்கிம்மரிலும் (நுரையாக அழுக்கைப் பிரிக்கும் கருவி) பம்பிலும் உப்பிலும் போய்விடும். "மலிவாகச் செய்யலாம்" என்று நினைத்து இறங்காதீர்கள். பெரிதாகச் செய்யலாம் என்பதற்காக இறங்குங்கள்.

எந்தப் பலகை வாங்குவது? ஷட்டர்பிளை போதாதா?

போதாது. கான்கிரீட் போடுவதற்கென்று விற்கும் ஷட்டர்பிளையின் பசை தண்ணீருக்குத் தாங்கலாம். ஆனால் உள்ளே ஏடுகளுக்கு நடுவில் வெற்றிடம் இருக்கும், முடிச்சு விழுந்த இடத்தில் ஓட்டை இருக்கும். பூச்சு அங்கே குமிழ் விடும். பி.எஸ். 1088 என்ற தர முத்திரை போட்ட மரைன் பிளை (படகுக்கான பிளைவுட்), 18 மி.மீ. தடிமன், 2440க்கு 1220 மி.மீ. அளவுப் பலகை: இதுதான் நான் வாங்கியது. நான்கு பலகையில் தொட்டி முடிந்துவிடும். அடியை இரட்டைப் பலகையாகப் போட்டதால் எனக்கு ஐந்து ஆயிற்று. தொட்டியின் மேல்விளிம்பைச் சுற்றிவரும் மேல்சட்டத்துக்கான பட்டைகள் மிஞ்சிய துண்டுகளிலேயே வந்துவிட்டன.

கடையில் பச்சை படிந்த பைன் கட்டைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். வேலிக்கும் டெக்குக்கும் அருமையான சரக்கு. தொட்டிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். அந்தப் பச்சை சி.சி.ஏ. என்ற மருந்து: செம்பு, குரோமியம், ஆர்சனிக். செம்பு ஒரு துளி கலந்தால் பவளம், இறால், நத்தை எல்லாம் போய்விடும். இதே காரணத்துக்காகப் பித்தளை வால்வு, செம்புக் குழாய் எதுவும் தண்ணீர் படும் இடத்தில் கூடாது.

எவ்வளவு கனம் இருக்கும்? மாடியில் வைக்கலாமா?

வெளி அளவு மி.மீ. கணக்கில் 2440 நீளம், 900 அகலம், 800 உயரம். 75 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பினால் கிட்டத்தட்ட 1,550 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவைவிடச் சற்றே கூடுதல் என்பதால் தண்ணீர் மட்டும் 1.6 டன். பாறை, மணல், கண்ணாடி, பலகை எல்லாம் சேர்த்து இரண்டு டன். இது நிற்பது இரண்டேகால் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். அதாவது சதுர மீட்டருக்கு 900 கிலோ. வீட்டு மாடித் தளம் போடும்போது சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ என்ற கணக்கில்தான் போடுவார்கள். மாடியா என்று இனி நீங்களே சொல்லுங்கள்.

தரைத்தளத்தில், மண்மேல் உட்கார்ந்த கான்கிரீட் தளத்தில் வையுங்கள். பழைய வீடுகளில் பலகைத் தரைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும், அங்கேயும் ஆகாது. ஸ்டாண்டுக்கு 38க்கு 114 மி.மீ. அளவுள்ள எஸ்5 தரக் கட்டைகள் போதும். கால்கள் ஸ்டாண்டின் மேல்சட்டத்துக்கு நேர் அடியில் நின்று பாரத்தை வாங்க வேண்டும். பக்கவாட்டில் ஸ்க்ரூவில் தொங்கக்கூடாது. என்னுடையது செங்கல் தூண்மேல் நிற்கிறது. தண்ணீர் சிந்திச் சிந்தி மரக்கால் அழுகுவதை எண்ணித் தூங்காமல் கிடக்க எனக்கு விருப்பமில்லை. ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் பார்த்துவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காகவும் பாருங்கள்.

இன்னும் நீளமாக, பன்னிரண்டு அடிக்குச் செய்தால் வெடித்துவிடுமா?

தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்ததே தவிர, நீளத்தைப் பொறுத்ததல்ல. 75 செ.மீ. ஆழத்தில் அடியில் இருக்கும் அழுத்தம் எட்டடித் தொட்டியிலும் ஒன்றுதான், நீச்சல் குளத்திலும் ஒன்றுதான். ஆனால் அதைத் தாங்கும் பலகை நீண்டுகொண்டே போவதால் நடுவில் வயிறு தள்ளும். என் தொட்டியில் முன்பக்கத்தின்மேல் மொத்தமாக 690 கிலோ அளவுக்குத் தள்ளல் இருக்கிறது. ஏழெட்டுப் பேர் ஒன்றாகச் சாய்ந்து நிற்பதுபோல, இரவும் பகலும்.

அந்தத் தள்ளலைக் கட்டிப்போடுவது தொட்டியின் மேல்சட்டம். 15 செ.மீ. அகலப் பட்டையைச் சுற்றிலும் ஒட்டி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து இழுக்கிற மாதிரி இரண்டு குறுக்குப் பட்டை வைத்தேன். குறுக்குப் பட்டை விளக்கை மறைக்கிறது என்று ஒரு தம்பி அறுத்து எடுக்கலாமா என்று கேட்டான். அறுக்கலாம், தம்பி. பிறகு முன்னறையில் படகு விடலாம். உயரத்தைக் கூட்டும் ஆசையையும் விடுங்கள்: கை எட்டாத தொட்டியில் பவளத்தை எப்படி ஒட்டுவீர்கள்?

பலகைகளைச் சேர்ப்பது எப்படி? எத்தனை ஸ்க்ரூ?

ஸ்க்ரூவின் எண்ணிக்கையைக் கேட்பவர்கள் பசையைப் பற்றிக் கேட்பதே இல்லை. இணைப்பைப் பிடித்திருப்பது எபாக்சிப் பசை. ஸ்க்ரூ என்பது பசை இறுகும்வரை இறுக்கிப் பிடிக்கும் க்ளாம்ப், அவ்வளவே. 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்க்ரூவை 10 செ.மீ.க்கு ஒன்றாகப் போட்டேன். முதலில் ஓட்டை போட்டு, தலையைக் கொஞ்சம் உள்ளே இறக்கி, மேலே எபாக்சி மக்கு பூசினேன். பலகையைக் கடையிலேயே பெரிய ரம்பத்தில் வெட்டி வாங்குங்கள். கையால் அறுத்த கோடு எட்டடிக்கு நேராக வராது, எவ்வளவு கைராசி உள்ளவராக இருந்தாலும்.

எபாக்சி பூசுவதில் என்ன அப்படிக் கஷ்டம்? பெயின்ட் மாதிரித்தானே?

எல்லாரும் தவறு செய்யும் இடம் இது, நானும் சேர்த்து. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 

முதலில் காலம். ஜனவரி, பிப்ரவரியில் டர்பனில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அந்த ஈரத்தில் எபாக்சி இறுகும்போது மேலே மெழுகுபோல வழவழப்பாக ஒரு படலம் வரும். அதன்மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. ஒட்டியதுபோல நடித்துவிட்டு ஒரு வருடம் கழித்து உரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சார்டின் கூட்டம் கரைக்கு வரும் அந்தக் குளிர்காலம்தான் இந்த ஊரில் காய்ந்த காலம். அப்போது பூசுங்கள். இரவில் குளிர்ந்தால் இறுகுவது மெதுவாகும், பரவாயில்லை. எந்தக் காலமானாலும் ஒரு பூச்சு இறுகியபின் வெறும் தண்ணீராலும் பச்சைத் தேய்ப்பு நாராலும் கழுவித் துடைத்து, உப்புத்தாள் போட்டுவிட்டுத்தான் அடுத்தது. உப்புத்தாளை முதலில் போட்டால் அந்த மெழுகைப் பலகைக்குள் தேய்த்துவிடுவதாகும். கழுவல் முதலில்.

அடுத்தது நேரம். காலையில் பூசாதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். பூச்சில் ஊசிமுனை ஊசிமுனையாக ஓட்டை விழும். மதியம் மூன்று மணிக்கு மேல், மரம் ஆறத் தொடங்கும்போது பூசினால் அது எபாக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாமாதான். அவர் சொல்வதற்குள் ஒரு முழுப் பக்கத்தை நான் காலை ஒன்பது மணிக்கே பூசிக் கெடுத்திருந்தேன்.

எபாக்சி என்பது ரெசின், ஹார்டனர் (இறுக்கி) என்ற இரண்டின் கலவை. அதைக் கண்ணளவில் கலக்காதீர்கள். டப்பாவில் போட்ட எடை விகிதப்படி சமையல் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். "கொஞ்சம் ஹார்டனர் கூட விட்டால் சீக்கிரம் காயும்" என்பது பொய், இறுகாமல் பிசுபிசுக்கும். கலந்ததைக் குவளையிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகையும். அகலத் தட்டில் ஊற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள். கையுறை கட்டாயம். எபாக்சி தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் ஆயுளுக்கும் ஒவ்வாது.

வரிசை இப்படி: முதல் பூச்சு மரம் குடிக்க. பிறகு உள்மூலைகள் எல்லாவற்றிலும் கெட்டியாக்கிய எபாக்சியை விரல் பருமனுக்கு வளைவாக வழித்துவிட வேண்டும், துணி மடங்காமல் உட்கார. பிறகு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த ஃபைபர் கிளாஸ் துணி, மூலைகளில் இரண்டு அடுக்கு. மேலே இன்னும் மூன்று பூச்சு. கடைசியில் கறுப்பு நிறம் கலந்தது. உள்ளேயும் வெளியேயும் சேர்த்து எனக்கு 10 கிலோ செலவாயிற்று. கடைசிப் பூச்சுக்குப் பிறகு பத்து நாள் தொடவில்லை.

சர்ஃப்போர்டு கடையில் ரெசின் மலிவாகக் கிடைக்கிறதே?

இந்த ஊரில் அது ஒரு வசதி. அலைப்பலகை செய்கிறவர்கள் இருப்பதால் துணி, உருளை, தட்டு எல்லாம் கிடைக்கும். துணியை நானும் அங்கேதான் வாங்கினேன். ஆனால் மலிவான ரெசின் பெரும்பாலும் பாலியெஸ்டர். அது மரத்தில் எபாக்சிபோலப் பிடிக்காது. இன்னொரு பொறி: நறுக்கிய நாரைப் பாய்போல ஒட்டி விற்பார்கள். அந்த நாரைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. நெய்த துணியாகக் கேட்டு வாங்குங்கள். குளத்துக்குப் பூசும் திரவ ரப்பரிலும் சிலர் செய்கிறார்கள். தொட்டிக்கென்று உயிர்களுக்குத் தீங்கில்லாததாகச் செய்த ரகமானால் சரி. கூரைக்கு அடிக்கும் தார் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடியை எப்படி வைத்தீர்கள்? அது தள்ளிக்கொண்டு வந்துவிடாதா?

கண்ணாடி வெளியிலிருந்து ஒட்டியதல்ல, உள்ளிருந்து. முன்பலகையில் ஜன்னல்போல வெட்டி எடுத்து, சுற்றிலும் 75 மி.மீ. விளிம்பு விட்டேன். கண்ணாடி அந்த விளிம்பின்மேல் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தண்ணீர் தள்ளத் தள்ள அது விளிம்போடு இன்னும் இறுகும். ஜன்னலின் மூலைகளைச் செங்கோணமாக வெட்டாமல் வளைவாக வெட்டுங்கள். கூரான மூலையில்தான் பலகை பிளக்கத் தொடங்கும்.

தடிமன் 19 மி.மீ., சாதாரணக் கண்ணாடி. டஃபன் செய்த (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. உடைந்தால் மொத்தமும் ஒரே நொடியில் பொடியாகும். அக்ரிலிக் லேசாக இருக்கும். ஆனால் பாசி துடைக்கும்போது ஒரு மணல் துணுக்கு மாட்டினால் போதும், ஆயுளுக்கும் கீறல். சிலிக்கானும் அதில் சரியாகப் பிடிக்காது.

2390க்கு 770 அளவுக் கண்ணாடி கிட்டத்தட்ட 90 கிலோ. இதை நிமிர்த்தி நிறுத்தி ஒட்ட முயலாதீர்கள். தொட்டியை முகம் குப்புறப் படுக்கவைத்தோம். விளிம்பை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசு துடைத்து, சிலிக்கானைத் தாராளமாகப் பிதுக்கினோம். பிறகு உறிஞ்சுபிடி மாட்டி ஐந்து பேர் கண்ணாடியைக் கிடையாக இறக்கினோம். இடையிடையே 3 மி.மீ. ரப்பர்த் துண்டு வைத்திருந்தேன். இல்லாவிட்டால் கண்ணாடியின் எடையே சிலிக்கானைப் பிதுக்கித் தள்ளிவிடும், மிஞ்சுவது காகித மெல்லிசு. சிலிக்கான் பூஞ்சைத்தடுப்பு மருந்து கலக்காததாக இருக்க வேண்டும். குளியலறைக்கென்று விற்பது மீனைக் கொல்லும்.

பிறகு மூன்று வாரம் காத்திருந்தேன். 75 மி.மீ. அகலப் படுகையில் சிலிக்கான் ஓரத்திலிருந்து உள்ளே மெள்ள மெள்ளத்தான் இறுகும், அதுவும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான். எபாக்சிக்குப் பகையாக இருந்த ஈரம் இங்கே நமக்கு உறவுக்காரன். ஆகவே எபாக்சி ஆகஸ்டிலும் சிலிக்கான் அக்டோபரிலுமாக வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நல்லது.

குழாய்க்கு ஓட்டை எங்கே போடுவது?

தொட்டித் தண்ணீர் குழாய் வழியே கீழே உள்ள சம்பு என்ற இன்னொரு தொட்டிக்கு வழிந்து இறங்கி, பம்பு வழியே திரும்ப மேலே ஏறும். வழியும் குழாய்க்கான ஓட்டையை அடியில் போடாதீர்கள். பின்பலகையில், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே போடுங்கள். அப்போது எந்த மூட்டு கைவிட்டாலும் மேலே உள்ள சில சென்டிமீட்டர் தண்ணீர்தான் இறங்கும். மூன்று குழாய் வைத்தேன்: ஒன்று நிரம்பி ஓட, ஒன்று சும்மா சொட்ட, ஒன்று இரண்டும் அடைத்தால் காப்பாற்ற.

ஓட்டை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். இதற்கு முன் நான்கடியில் ஒரு பிளைவுட் தொட்டி செய்தேன். பூச்செல்லாம் முடிந்தபிறகு பல்க்ஹெட் (குழாயை ஓட்டையில் இறுக்கும் இணைப்பு) நுழையவில்லை. அரத்தால் இரண்டு மி.மீ. பெரிதாக்கி, வாஷர் இருக்கிறதே என்று அப்படியே முடுக்கிவிட்டேன். எட்டு மாதம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் மாதம் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்குக் கறுத்தது. ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பார்த்தேன், கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது. அன்று இரவே மீன்களைப் பிளாஸ்டிக் ட்ரம்மில் மாற்றினோம். தங்கை அழுதுகொண்டே வாளி தூக்கினாள். தொட்டி விறகாயிற்று.

படகுக்காரர்கள் செய்யும் முறை இது: தேவையைவிட 10 மி.மீ. பெரிதாக ஓட்டை போடுங்கள். அதைக் கெட்டி எபாக்சியால் முழுக்க அடைத்து இறுக விடுங்கள். அதன் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளையுங்கள். இப்போது ஓட்டையின் சுவர் மரமே இல்லை, முழு எபாக்சி. வாஷர் கைவிட்டாலும் மரத்துக்குத் தண்ணீர் எட்டாது.

கசிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியில் வைத்துக் குழாய்த் தண்ணீரால் நிரப்பி இரண்டு வாரம் விடுங்கள். ஒரேயடியாக நிரப்பாமல் முதல் நாள் கால்வாசி, இரண்டாம் நாள் அரைவாசி என்று போங்கள். நீர்மட்டம் இறங்கினால் உடனே பதறவேண்டாம், ஆவியாகியும் இறங்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். வாளியில் இறங்கிய அளவே தொட்டியிலும் இறங்கினால் வெயிலின் வேலை. தொட்டியில் அதிகம் இறங்கினால் உங்கள் வேலை. முன்பலகையின் நடுவில் நூல் கட்டி எவ்வளவு வயிறு தள்ளுகிறது என்றும் அளந்து எழுதி வையுங்கள். நாளுக்கு நாள் கூடினால் சட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, தண்ணீரை எடுத்து வந்தால் ஆகாதா?

நல்ல கடல்நீர் உப்புக் கலவையைவிட மேல். ஆனால் நம் கடற்கரையில் மழைக்குப் பிறகு அம்கேனி ஆறு கொண்டுவரும் பழுப்பை எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி, கடலில் கழிவு கலந்து, பல கடற்கரைகள் மூடப்பட்டன. அன்றிலிருந்து நான் ஆர்.ஓ. தண்ணீரில் (சவ்வு வழியே சுத்திகரித்தது) உப்பைக் கரைத்துத்தான் ஊற்றுகிறேன். சம்பையும் சேர்த்து 1,800 லிட்டருக்கு முதல்முறை 65 முதல் 70 கிலோ உப்பு வேண்டும். தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்க வேண்டும். பக்கியிலிருந்து (பின்பக்கம் திறந்த சரக்கு வண்டி) உப்பு மூட்டையை இறக்கியபோது, ஊறுகாய் வியாபாரமா என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டார்.

பாறை போட்டபின் நான்கிலிருந்து ஆறு வாரம் மீன் இல்லாமல் ஓட விடுங்கள். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகி, முதல் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தபிறகுதான் முதல் மீன்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

இரண்டு விஷயம். முதலாவது, ரிட்டர்ன் பம்பு நின்றவுடன் மேல்தொட்டித் தண்ணீர் சம்புக்கு இறங்கும். என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 20 லிட்டர். நான்கு சென்டிமீட்டர் இறங்கினால் 80 லிட்டருக்கு மேல். சம்பில் அவ்வளவு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். குடும்பத்தோடு உட்கார்ந்து ஸ்விட்சை நீங்களே அணைத்துப் பாருங்கள், இரவு இரண்டு மணிக்கு அதுவாக அணைந்து காட்டுவதற்கு முன்.

இரண்டாவது, மூச்சு. தண்ணீர் அசையாவிட்டால் ஆக்சிஜன் இறங்கும். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்த 2023இல் எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்டப் பார்த்து பலர் பெரும் பணத்தைச் செலவழித்தார்கள். தேவையில்லை. விளக்கு, ஸ்கிம்மர், ஹீட்டர் எல்லாம் சில மணி நேரம் நிற்கலாம். மேல்மட்டத்தை அலைக்கும் ஒரே ஒரு 20 வாட் டிசி பம்பு ஓடினால் போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி லித்தியம் பேட்டரி அதை இரண்டு நாள் தாங்கும். வெள்ளத்தின்போது எனக்குக் கைகொடுத்தது அதுதான். அப்போது டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீரே வரவில்லை. ஒரு ட்ரம் ஆர்.ஓ. தண்ணீர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் (மின்கசிவு வந்தால் கரண்டை அணைப்பது) ட்ரிப் ஆகிறது என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். உப்புத் தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அது ட்ரிப் ஆவது உங்கள் உயிருக்காக.

கோடையில் சூடு?

26 டிகிரியில் வைத்திருப்பது நோக்கம். 29ஐத் தாண்டினால் பவளம் வெளுக்கத் தொடங்கும். விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது காய்ந்த ஊருக்கு நல்ல வழி. ஜோபர்க்கில் அருமையாக வேலை செய்யும். டர்பனில் காற்றே ஈரமாக இருக்கும்போது எங்கே ஆவியாவது? அதோடு மரம் சூட்டை வெளியே விடாது. பிப்ரவரிக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வேண்டும். அதை வீட்டுக்குள் வைத்தால் அறையைச் சூடாக்கும், வெளிவராந்தாவில் வையுங்கள்.

சொட்வானாவிலிருந்து ஒரு துண்டு பவளம் எடுத்து வரலாமா?

கூடாது. சொட்வானா வளைகுடா இசிமங்கலிசோ பூங்காவுக்குள் இருக்கிறது. 1999 முதல் அது உலகப் பாரம்பரிய இடம். ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பவளப்பாறைகளில் அதுவும் ஒன்று. அங்கே என்றில்லை, நம் கரையில் எங்குமே அனுமதியில்லாமல் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். செத்து ஒதுங்கிய துண்டுதானே என்று பையில் போட்டுக்கொள்வதும் வேண்டாம். தேவையும் இல்லை. பவளத்தை ஒடித்து நட்டால் வளரும், முருங்கைப் போத்து மாதிரி. தொட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் விரல்நீளத் துண்டு கொடுப்பார்கள், உங்களுடையது வளர்ந்தபின் நீங்கள் இன்னொருவருக்குக் கொடுங்கள். சோவான்தஸ், மஷ்ரூம், தோல்பவளம் இவற்றில் தொடங்குங்கள். கால்சியம் லிட்டருக்கு 420 மி.கி., காரத்தன்மை 8 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) என்று நிலையாக நிற்கப் பழகியபின் கல்பவளத்துக்குப் போகலாம். கையுறை இல்லாமல் சோவான்தஸை ஒடிக்காதீர்கள், சிலவற்றில் கடும் நஞ்சு உண்டு.

புரட்டாசியில் மீனுக்கு என்ன போடுவீர்கள்?

சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் இது பெரிய விவாதம். உறைந்த மைசிஸ் இறால் சமையலறை ஃப்ரீசரில் இருக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். கராஜில் ஒரு குட்டி ஃப்ரீசர் வாங்கினேன். சர்ஜன் மீன்களுக்கு நோரிப் பாசி போதும், அவை பாதி சைவம். மற்றவை விரதம் இருக்காது.

பூச்சி அரிக்காதா? வீட்டை விற்றால் தொட்டியை என்ன செய்வது?

இந்தக் கரையோரத்தில் வீடு விற்கும்போது பீட்டில் சர்டிஃபிகேட் கேட்பது உங்களுக்குத் தெரியும். மரம் துளைக்கும் வண்டும் உலர்மரக் கறையானும் இங்கே சாதாரணம். அதனால் வெளிப்பக்கத்துக்கும், முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும் இரண்டு பூச்சு எபாக்சி கொடுங்கள். வெட்டுமுனை எங்கேயும் பச்சையாக இருக்கக்கூடாது.

விற்பது பற்றி: நம் வீடுகளில் கதவு 813 மி.மீ. அகலம். சட்டம், கீல் எல்லாம் போக வழி 780கூட இருக்காது. என் தொட்டி 900க்கு 800. கராஜில் செய்து முடித்து, கசிவும் பார்த்து, ஆட்களையும் கூப்பிட்டபிறகுதான் இது எனக்கு உறைத்தது. முன்னறை ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தோம். ஜன்னலை மறுபடி வைத்த கொத்தனாருக்குச் சாப்பாடு போட்ட அம்மா, இனி வீடு விற்பதாக இருந்தால் மீனோடு சேர்த்துத்தான் விற்கவேண்டும் என்றார். டேப் எடுத்து முதலில் கதவை அளங்கள்.